பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டம்: ஊரார் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

கழிமுகத்தான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பொன்னேரி வட்டத்து ஊர்களில் பழைய கோயில்களில் உழவாரப் பணி செய்துவரும் ஒரு சிறு குழுவைச் சேர்ந்தவன் நான். புல் செதுக்குவது, மதிலில் முளைத்த செடிகளை அகற்றுவது, தூர்ந்த வடிகால்களைத் திறந்துவிடுவது ஆகியவை எங்களுக்குப் பழகிய வேலைகள். பழவேற்காட்டில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்திலும் இதே போன்ற பணியைச் செய்யலாம் என்று எங்கள் குழுவின் இளைஞர்கள் விரும்புகிறார்கள். நல்ல எண்ணந்தான் என்றாலும், கோயிலில் செய்வதை அப்படியே அங்கே கொண்டுபோய்ச் செய்யலாமா என்ற தயக்கம் எனக்கு இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

இடத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரை முழுவதற்குமான தங்கள் வணிகத்தை அங்கிருந்துதான் நடத்தினார்கள். ஊர் 1825-இல் ஆங்கிலேயர் கைக்கு நிலையாகப் போய்விட்டது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. அகழியின் தடம் மட்டும் தெரிகிறது. டச்சுக்காரர்கள் இங்கே வாழ்ந்ததற்குக் கண்ணால் காணக்கூடிய சான்றாக எஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்தக் கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். நுழைவாயிலின் இருபுறமும் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே 17-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்கும் பெரிய கருங்கற் பலகைகளும், குடும்பச் சின்னங்களும், புடைப்பாக வெட்டப்பட்ட டச்சு எழுத்துகளும், கூம்பி உயர்ந்த தூண்களும், செங்கல்லால் கட்டிச் சுதை பூசிய மண்டபக் கல்லறைகளும் உள்ளன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம் இது.

பாதுகாக்கப்பட்ட இடத்தில் ஊரார் கைவைக்கச் சட்டம் எந்த அளவுக்கு இடம் தருகிறது, கைவைத்தால் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பவை என் முதல் கேள்விகள். இன்னொன்றும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பேர் திரண்டுபோய்ச் சுத்தம் செய்து படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த மழைக்குப் பின் எல்லாம் பழையபடியே ஆகிவிடும். பல ஆண்டுகள் தொடரக்கூடிய ஓர் ஏற்பாட்டை ஒரு சிற்றூர் எப்படி அமைத்துக்கொள்வது என்பதைப் பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

விதி எண் எட்டு

ஐயா, முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களை 1958-ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம் ஆள்கிறது. அதன் கீழ் 1959-இல் வகுக்கப்பட்ட விதிகளும் உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவது, அகற்றுவது, உருமாற்றுவது ஆகியவற்றுக்கு 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நீங்கள் நல்லெண்ணத்தோடு ஒரு கல்லை நிமிர்த்தி வைத்தாலும் அது உருமாற்றம் என்று கொள்ளப்பட வாய்ப்பு உண்டு. எனவே எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் வளாகத்துக்குள் மண்வெட்டியோடு நுழையாதீர்கள். அனுமதியின்றி உள்ளே கூட்டமோ விழாவோ நடத்துவதும், அடுப்பு மூட்டிச் சமைப்பதும் விதிகளுக்குப் புறம்பானவை. உழவாரப் பணியின்போது அன்னதானம் செய்யும் வழக்கம் உங்கள் குழுவுக்கு இருக்கும் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

இதற்காக ஊராருக்கு எந்த வேலையும் இல்லை என்று பொருளில்லை. துறையின் பணியாளர் முன்னிலையில் புல் வெட்டுதல், குப்பை அகற்றுதல், வருவோருக்கு வழிகாட்டுதல், சேதம் கண்டால் உடனே தெரிவித்தல் போன்றவற்றை அனுமதி பெற்றுச் செய்யலாம். நன்கொடை திரட்டி முறையாகக் கொடுக்க விரும்பினால், மத்திய அரசு 1996-இல் நிறுவிய தேசியப் பண்பாட்டு நிதியம் இருக்கிறது. 2017-இல் தொடங்கப்பட்ட நினைவுச்சின்னத் தத்தெடுப்புத் திட்டமும் உள்ளது. ஆனால் அது குடிநீர், கழிப்பறை, பெயர்ப்பலகை போன்ற பார்வையாளர் வசதிகளைப் பெரிய நிறுவனங்களின் பணத்தில் அமைப்பதற்காக வகுக்கப்பட்டது. ஒரு கிராமக் குழுவுக்கு அந்தச் சட்டை பொருந்தாது என்பது என் கருத்து.

சுண்ணாம்புக் காரை

பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், செய்யக் கூடாதவற்றிலிருந்து தொடங்குகிறேன். என் அனுபவத்தில் கல்லறைகளைக் கவனிப்பின்மை மெல்லத்தான் அழிக்கிறது. ஆர்வம் ஒரே பிற்பகலில் அழித்துவிடுகிறது. நம் கோயில்களிலேயே மணல் வீச்சு முறையில் கற்களைச் சுத்தம் செய்யப்போய், ஆயிரம் ஆண்டு தாங்கிய கல்வெட்டுகளின் விளிம்புகள் மழுங்கிப் போனதையும், எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த முறை தடை செய்யப்பட்டதையும் உங்கள் குழுவினர் அறிந்திருப்பார்கள்.

பழவேற்காட்டின் முதல் எதிரி செடியும் அல்ல, மனிதரும் அல்ல, உப்பு. கழிமுகத்தை ஒட்டிய நிலம் என்பதால் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கிறது. அந்த ஈரம் செங்கல் வழியாக மேலேறி, சித்திரை, வைகாசி வெயிலில் மேற்பரப்பில் காயும்போது, கரைந்து வந்த உப்பு நுண்துளைகளுக்குள் படிகமாகிப் பருத்துச் சுதையையும் செங்கல்லையும் உள்ளிருந்தே உதிர்த்துவிடுகிறது. இதைக் கண்டு மனம் பொறுக்காமல் யாராவது சிமெண்ட் பூசினால் நிலைமை இன்னும் மோசமாகும். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் பூச்சுக்கு மேலே உள்ள பழைய செங்கல்லைத் தேடிப்போகும். இரண்டு மூன்று ஆண்டுகளில் சிமெண்ட் திட்டு மட்டும் கெட்டியாக நிற்க, அதைச் சுற்றியுள்ள பழைய கட்டுமானம் மாவாக உதிர்ந்திருப்பதைக் கடலோர ஊர்கள் எங்கும் காணலாம்.

ஆகவே பூச்சு வேலை என்று வந்தால் அது சுண்ணாம்புதான். பழவேற்காட்டு ஏரிப் படுகையிலிருந்து கிளிஞ்சல் எடுத்துச் சுண்ணாம்பு சுடுவது பழைய தொழில். நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, உப்பில்லாத ஆற்று மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் முறை. பூசிய பிறகு பல நாள்கள் ஈரச்சாக்கு போட்டு மூடி, மெதுவாக இறுக விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு தை மாதத்தில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவது நல்லது. இவை அனைத்தும் துறையின் மேற்பார்வையில், பழகிய கொத்தனார் செய்ய வேண்டியவை. தன்னார்வலர் கைக்கு உரியவை அல்ல. நான் சொல்லக் காரணம், நாளை யாராவது ஒப்பந்தக்காரர் சிமெண்ட் மூட்டையோடு வந்து இறங்கினால் கேள்வி கேட்கும் அளவுக்கு ஊராருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான்.

தன்னார்வலர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கருங்கற் பலகைகளின் மேல் கம்பித் தூரிகை, அமிலம், வெளுப்புத் தூள், சோப்புத் தூள் எதுவும் படக் கூடாது. அழுத்தத்தில் நீர் பீய்ச்சும் கருவியும் கூடாது. கழுவியே ஆக வேண்டும் என்று துறை சொன்னால் மென்மையான தூரிகையும் நல்ல தண்ணீரும் போதும். அந்த நல்ல தண்ணீர் என்பதில் கவனமாக இருங்கள். பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாய் போட்டு அடித்தால், எந்த உப்பை அகற்ற நினைக்கிறோமோ அதையே ஊற்றுகிறோம். கல்லின் மேல் காய்ந்து ஒட்டியிருக்கும் கற்பாசியைச் சுரண்ட வேண்டாம். சுரண்டினால் அதோடு கல்லின் தோலும் வரும். கோயிற்பணி செய்பவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: கல்லைப் பளபளப்பாக்க எண்ணெய் தேய்க்கும் வழக்கத்தை வாயிலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொண்டு கருத்துப்போகும். பிறகு அதை எடுக்க வழியில்லை.

செடிகளில் சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டுவது எளிது. மண்டபக் கல்லறைகளின் வெடிப்புகளில் பறவை எச்சத்தால் முளைக்கும் அரசும் ஆலுந்தான் ஆபத்தானவை. விரல் நீளக் கன்றாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் கையால் எடுத்துவிடலாம். தண்டு பருத்த பிறகு இழுத்தால் வேரோடு செங்கல்லும் வந்துவிடும் என்பதால், அறுத்துவிட்டு, அறுத்த முகத்தில் மருந்து தடவி வேரை உள்ளேயே சாக விட வேண்டும். மாதம் ஒருமுறை ஒருவர் சுற்றிவந்து கன்றுகளைக் குறித்துவைத்தாலே ஊரார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அது. உடைந்து கிடக்கும் துண்டுகளைப் பொருத்திப் பார்க்கவும் ஒட்டவும் முயல வேண்டாம். கிடந்த இடத்தைப் படமெடுத்து, கிடந்த இடத்திலேயே விட்டுவைத்துத் துறைக்குத் தெரிவியுங்கள்.

ஆரணியாற்றங்கரை

மேலே எழுதியவர்களின் அறிவை மதிக்கிறேன். ஆனால் யாரும் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கற்களின் கீழ் கிடப்பவர்கள் யார்? கம்பெனியின் அதிகாரிகளும் வணிகர்களும் அவர்களின் குடும்பத்தாரும். துணி வாங்கிக் கப்பலேற்றியதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இதே கம்பெனி 17-ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில், பசியால் தங்களையும் பிள்ளைகளையும் விற்க நேர்ந்த மக்களை இந்தக் கரையில் ஆயிரக்கணக்கில் வாங்கி, பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் அடிமைகளாக அனுப்பியது. அவர்களுக்குக் கருங்கற் பலகையும் இல்லை, குடும்பச் சின்னமும் இல்லை. அவர்களின் வழித்தோன்றல்களாக இருக்கக்கூடிய நாம், வாங்கியவர்களின் கல்லறைக்குப் புல் செதுக்கப் போகிறோமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். சிற்றூரில் அந்த வட்டத்துக்குள் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மகனுக்குத் திருமணமாகி ஓர் அறை கூட்டிக் கட்ட நினைப்பவரிடம் போய், 'இது உங்கள் பாரம்பரியம், பாதுகாக்க வாருங்கள்' என்று அழைத்தால் அவர் என்ன சொல்வார்? கல்லறையின் செலவை இப்போதே ஏற்றுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.

ஓலைப்பெட்டி

நான் பழவேற்காட்டில் பிறந்து வளர்ந்தவள். பனையோலைப் பொருள்கள் பின்னும் எங்கள் தெருப் பெண்கள் பலரைப் போல வீட்டிலிருந்தபடி வேலை செய்பவள். ஆரணியாற்றங்கரை அண்ணன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியாது. வீட்டுக் கூரையை மாற்றுவதற்குக் கூட விண்ணப்பம் தேவைப்படும் என்ற பயம் எங்கள் பக்கத்தில் உண்டு. யாரிடம் கேட்பது, எவ்வளவு நாளாகும் என்பது எவருக்கும் தெளிவாகத் தெரியாததால், அந்த வளாகம் என்றாலே தொல்லை என்ற எண்ணம் பலருக்குப் பதிந்துவிட்டது. வெளியூரிலிருந்து வரும் நண்பர்கள் கல்லில் இருக்கும் எழுத்தைப் படிக்க வருகிறார்கள். மதிலை ஒட்டி வாழும் எங்களிடம் பேசுவதில்லை.

ஆனால் முதல் கேள்வியில் நான் அண்ணனோடு முழுமையாக உடன்படவில்லை. சிறு வயதிலிருந்தே அந்த வாயிலைத் தாண்டித்தான் கடைக்குப் போயிருக்கிறோம். எலும்புக்கூட்டைக் காட்டிக் குழந்தைகளைப் பயமுறுத்தியிருக்கிறோம். அந்த இடம் கம்பெனிக்காரர்களிடமிருந்த காலத்தைவிட எங்களிடமிருக்கும் காலம் நீண்டது. அங்கே கிடப்பவர்கள் நல்லவர்களா என்று பார்த்துத்தான் அதைக் காக்க வேண்டும் என்றில்லை. அடிமைகளாகப் போனவர்களைப் பற்றி ஊரில் பேசுவதற்கு இப்போது ஓர் இடம் வேண்டுமென்றால், இந்த மதிலுக்குள்ளே தவிர வேறெங்கே அதைப் பேசுவது? வாயிலில் வைக்கப்படும் பலகையில் துணி, மிளகு, வெடிமருந்து என்று மட்டும் எழுதாமல், பஞ்சத்தில் வாங்கிக் கொண்டுபோகப்பட்டவர்களையும் எழுதச் சொல்லிக் கேட்போம். தமிழில், பெரிய எழுத்தில், எங்கள் பிள்ளைகள் படிக்கும்படி.

குழுவினருக்கு ஒன்று சொல்கிறேன். வந்து வேலை தொடங்குவதற்கு முன்பு, மதிலை ஒட்டியுள்ள வீடுகளுக்கு ஒருமுறை வாருங்கள். குப்பையை யார் போடுகிறார்கள் என்று கேட்பதற்காக அல்ல; குப்பை வண்டி எங்கள் சந்துக்கு வருகிறதா என்று கேட்பதற்காக. அது ஒழுங்காக வந்தால் மதிலுக்கு மேலே எதுவும் விழாது.

விதி எண் எட்டு

சகோதரி ஓலைப்பெட்டி எழுப்பிய அச்சத்துக்கு ஒரு விளக்கம். 100 மீட்டர் தடை புதிய கட்டுமானத்துக்கானது. ஏற்கனவே இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும், தகுதிபெற்ற அதிகாரிக்கு விண்ணப்பித்து, தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் அனுமதி பெறலாம். வழி இருக்கிறது, அந்த வழி சாதாரணக் குடும்பத்துக்கு நீளமானது என்பதும் உண்மை. உழவாரக் குழுவில் கணினியில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த இருவர் இருந்தால், மாதத்துக்கு ஒரு நாள் ஊரில் உட்கார்ந்து இந்த விண்ணப்பங்களுக்கு உதவட்டும். புல் செதுக்குவதைவிட இது கல்லறைத் தோட்டத்துக்குச் செய்யும் பெரிய தொண்டாக இருக்கலாம். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

மைப்படி

கல்வெட்டுகளைப் படியெடுப்பதில் ஈடுபாடு உள்ளவன். இழையில் இதுவரை யாரும் ஆவணப் பதிவைத் தொடவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் வேலை. பழவேற்காட்டுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. சென்னை மாகாணத்தில் டச்சுக் கம்பெனியார் விட்டுச்சென்ற கட்டடங்களையும் கல்லறைகளையும் அலெக்சாண்டர் ரீ அளந்து, வரைந்து, 1897-இல் வெளியிட்டார். ஆதிச்சநல்லூரில் அகழாய்வு செய்த அதே ரீதான். 1905-இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களின் பட்டியலைத் தொகுத்தார். நூறாண்டுகளுக்கு முந்தைய அந்தப் பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நடந்தால், எந்தக் கல் இருக்கிறது, எது இடம் மாறியது, எந்த வரி அப்போது படிக்க முடிந்து இப்போது மறைந்துவிட்டது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலான கிராமக் கல்லறைகளுக்கு இப்படி ஓர் ஒப்பீட்டு அளவுகோல் கிடையாது.

பதிவு செய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். புடைப்பெழுத்து நண்பகல் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ சாய்வாக வெயில் விழும்போது கைப்பேசியால் எடுத்தாலே ஒவ்வோர் எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். நிழலில் இருக்கும் கல்லுக்குப் பக்கத்திலிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி விடலாம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாக்கட்டியோ மாவோ தேய்க்க வேண்டாம். எழுத்துகளுக்குக் கருப்பு வண்ணம் தீட்டுவது அதைவிடப் பெரிய தவறு. மொழி தெரியாதவர் தீட்டும்போது அரைகுறையாகத் தெரிந்த எழுத்து வேறோர் எழுத்தாகவே மாறிவிடும், அடுத்து வருபவர் அந்தப் பிழையைத்தான் படிப்பார். காகிதம் வைத்துத் தேய்த்துப் படியெடுப்பதும் உதிரும் நிலையில் உள்ள கல்லுக்கு ஆகாது.

ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு எண், ஒரு வரைபடத்தில் அதன் இடம், நான்கு பக்கப் படங்கள், அளவு, நிலை பற்றி இரண்டு வரிகள். அவ்வளவு போதும். ஆண்டுதோறும் மழைக்கு முன்பும் பின்பும் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் படம் எடுத்தால், ஐந்து ஆண்டுகளில் எந்த வெடிப்பு வளர்கிறது என்பதைத் துறையின் பொறியாளரிடம் படத்தை வைத்தே காட்டலாம். ஊர்ப் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்கள் இதை நன்றாகவே செய்வார்கள். மேற்கொண்டு ஆராய விரும்புபவர்களுக்கு: கம்பெனியின் ஆவணங்கள் ஹேக் நகரில் உள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஆவணங்கள் உண்டு என்றாலும் அவை பெரும்பாலும் கொச்சி, மலபார் பகுதியைச் சேர்ந்தவை என்பதால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள்.

கண்டிவாசி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே உள்ள பிரித்தானியப் படைவீரர் மயானம் நீண்ட காலம் காடாகிக் கிடந்து, 1990-களின் இறுதியில் சீரமைக்கப்பட்டது. நகருக்குள் உள்ள இடம் என்பதால் உங்கள் ஊருடன் நேரடியாக ஒப்பிட இயலாது. ஆயினும் ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. அங்கே சென்றுவந்த பலருக்கு நினைவில் நிற்பது கற்கள் அல்ல. ஒவ்வொரு கல்லின் முன்பும் நின்று, இவர் மலேரியாவால் இறந்தார், இவரை யானை கொன்றது என்று கதை சொல்லும் பராமரிப்பாளர்தான். பெருந்திட்டம் முடிந்த பிறகும் நாள்தோறும் அங்கே இருக்கும் ஒரு மனிதர் இருப்பதால் அந்த இடம் மறுபடியும் காடாகவில்லை. தென்னாசிய ஐரோப்பியக் கல்லறைகளுக்காக 1976-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஒரு சங்கமும் உண்டு. அதுவும் உள்ளூர்க் குழுக்களுக்குச் சிறு தொகைகளைத்தான் கொடுக்கிறது; தானே வந்து வேலை செய்வதில்லை. அதன் அக்கறை பெரும்பாலும் பிரித்தானியக் காலத்தைச் சார்ந்தது என்பதால் பழவேற்காட்டுக்கு எவ்வளவு உதவும் என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

கோட்டைக்குப்பம்

ஒரு யோசனை. எங்கள் ஏரியில் பாட்டு முறை என்று ஒன்று உண்டு, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நல்ல மீன்பாடுள்ள இடங்களை ஒருவரே பிடித்து வைத்துக்கொள்ளாமல், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் சீட்டுப்போட்டு முறைவைத்து வலை கட்டுவார்கள். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். முறை தவறியவரை ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதையும் இப்படி முறைவைத்துக்கொண்டால் என்ன? ஒரு மாதம் ஒரு தெரு. அந்த மாதம் சுற்றிவருவது, கன்றுகளைக் குறிப்பது, குறிப்பேட்டில் எழுதுவது அவர்கள் பொறுப்பு. எங்கள் பக்கத்துக் குப்பங்களுக்கு இதை யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆரணியாற்றங்கரை

தம்பியின் யோசனையை மறுக்கவில்லை. ஆனால் பாட்டு முறையில் யாருக்குப் பங்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதில் ஏரியைச் சுற்றி எத்தனை ஆண்டுகளாகப் பூசல் நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பாட்டில் இடமில்லாத சமூகத்தாரும் இதே ஊரில்தான் வாழ்கிறார்கள். முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உரிமைப் பட்டியலை எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாத் தெருவுக்கும் சீட்டு உண்டு என்றால், என் மனத்தாங்கல் இருக்கும்போதே, எங்கள் தெருவின் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். வாயிற்பலகை பற்றி ஓலைப்பெட்டித் தங்கை சொன்னது கோரிக்கைக் கடிதத்தில் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும் என்பது என் நிபந்தனை.

கோட்டைக்குப்பம்

ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. எல்லாத் தெருவும்.

சுண்ணாம்புக் காரை

முறைவைப்பது நல்ல ஏற்பாடு. அதில் ஒரு பிடி வைக்க வேண்டும்: முறைக்காரர் பார்ப்பார், எழுதுவார், விரலளவுக் கன்றை எடுப்பார், வேறு எதையும் தொட மாட்டார். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு தெருவும் தங்களுக்குத் தோன்றிய ஒரு சிறு திருத்தத்தைச் செய்தால், ஓராண்டில் பன்னிரண்டு திருத்தங்கள் ஆகிவிடும். அதோடு நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று யாரேனும் மெழுகுவர்த்தி ஏற்ற விரும்பினால், பலகையின் மேல் வைக்காமல் தரையில் ஒரு மணல் தட்டு வைத்து அதில் ஏற்றச் சொல்லுங்கள். உருகிய மெழுகு எழுத்துகளின் இடுக்கில் இறங்கிவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு. வளாகத்துக்குள் ஏற்றலாமா என்பதையே முதலில் துறையிடம் கேட்டுவிடுவது நல்லது.

கழிமுகத்தான்

அனைவருக்கும் நன்றி. குழுவினரோடு பேசிய பின் எழுதுகிறேன். திரளாகப் போய்ச் சுத்தம் செய்யும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம். இளைஞர்கள் சிலருக்கு ஏமாற்றந்தான். மண்வெட்டி இல்லாமல் என்ன பணி என்று கேட்கிறார்கள். அவர்களை மைப்படி ஐயா சொன்ன படப்பதிவில் ஈடுபடுத்துவதாக இருக்கிறோம். சகோதரி ஓலைப்பெட்டியின் தெருவுக்கு முதலில் வருவோம். குப்பை வண்டி பற்றிய மனுவை ஊராட்சிக்கு எழுதுவதிலிருந்து தொடங்கலாம் என்று எண்ணுகிறோம். தெருமுறைக்கான சீட்டு, துறையின் அனுமதி வந்த பிறகு. கடிதத்தை யாருக்கு எழுதுவது, எதையெல்லாம் கேட்பது என்பதை மட்டும் விதி எண் எட்டு அவர்கள் தெளிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

விதி எண் எட்டு

சென்னை, புனித ஜார்ஜ் கோட்டையில் இயங்கும் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டக் கண்காணிப்புத் தொல்லியலாளருக்கு எழுதுங்கள்; ஒரு படியை மாவட்ட ஆட்சியருக்கும் இன்னொன்றை ஊராட்சித் தலைவருக்கும் அனுப்புங்கள். கடிதத்தில் மூன்று பகுதிகள் இருக்கட்டும். மாதமுறைப் பார்வையிடலுக்கும் படப்பதிவுக்கும் அனுமதி கேட்பது ஒன்று. முக்காலியும் விளக்கும் வைத்துப் படமெடுப்பதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம் என்பதால், கைப்பேசியால் மட்டுமே எடுப்போம் என்று எழுதிவிடுங்கள். பழுதுபார்ப்பில் சுண்ணாம்பு மட்டுமே பயன்படுத்தப்படுமா என்றும், அடுத்த பணி எப்போது திட்டமிடப்பட்டுள்ளது என்றும் கேட்பது இரண்டாவது. பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இதே கேள்விகளைக் கேட்கலாம். ஆனால் முதல் கடிதத்திலேயே அதைச் சொல்லி மிரட்ட வேண்டாம், அங்கே வேலை செய்பவர்களும் ஆள் பற்றாக்குறையோடுதான் காலம் தள்ளுகிறார்கள். தமிழ்ப் பலகை பற்றிய கோரிக்கையை ஆரணியாற்றங்கரை ஐயா கேட்டபடி முதற்பக்கத்தில் வையுங்கள். கையெழுத்துகளில் மதிலை ஒட்டிய வீட்டார் பெயர்கள் முதலில் வரட்டும், உங்கள் குழு அதற்குக் கீழே. நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, படியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.